தாத்தா தேவை

கெடா, பாடாங் செராய் வட்டாரக் காற்பந்து விளையாட்டாளர்களின் கவனத்திற்கு: தாத்தா ஒருவர் உடனடியாகத் தேவை. பாட்டி என்றாலும் பாதகமில்லை. அர்ஜென்டினாவில் பிறந்தவருக்கு முன்னுரிமை. பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்துக்காரர்களும் பரிசீலிக்கப்படுவார்கள். உயிரோடு இருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது, பிறப்புப் பத்திரத்தில் இருந்தால் போதும். விக்டோரியா, ஹென்ரியட்டா, டப்ளின் தோட்டங்களில் பால் வெட்டிய தாத்தாக்கள் தயவுசெய்து வரிசையில் வந்து நிற்க வேண்டாம். அவர்களால் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பிரயோசனமும் கிடையாது என்று நாடு எப்போதோ முடிவு செய்துவிட்டது.

கேலி பேசுகிறேன் என்று நினைப்பவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூன் 10ஆம் தேதி, ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில், புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியா வியட்நாமை 4-0 என்று புரட்டி எடுத்தது. நாடே குதித்தது. அந்த அணியில் இருந்த ஏழு பேர் பாரம்பரிய ஆட்டக்காரர்களாம். அதாவது, பேரன் பிறந்தது எந்தக் கண்டமாகவும் இருக்கலாம். தாத்தாவோ பாட்டியோ பினாங்கு, மலாக்கா என்று நம் மண்ணில் பிறந்திருந்தால் ரத்தம் நம்முடையது. செப்டம்பர் 26ஆம் தேதி, அந்த ரத்தத்தைச் சோதித்த முடிவை ஃபிஃபா வெளியிட்டது. அந்தந்த நாட்டில் மூலப் பத்திரங்களைத் தேடி எடுத்துப் பார்த்தால், கிழவன் கிழவி ஒருவர்கூட இங்கே பிறக்கவில்லை. எல்லாரும் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். ஏழு பேருக்கும் 12 மாதத் தடை. நவம்பர் 3ஆம் தேதி மேல்முறையீடும் தள்ளுபடி.

சங்கம் சொன்ன பதில்: தொழில்நுட்பத் தவறு. நியாயம்தான். ஒருவனுடைய தாத்தா பிறந்த ஊர் மாறிப்போனால் அதைத் தவறு எனலாம். ஏழு பேருக்கும் வரிசையாக மாறியிருந்தால் அது தொழில்நுட்பமேதான், நான் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஏழு பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பந்து உதைக்கத் தெரிந்தவர்கள், கூப்பிட்டார்கள், வந்தார்கள். கூப்பிட்டவர்களைப் பற்றித்தான் பேச்சு. கூட்டரசு அரசியலமைப்பின் 19ஆம் விதிப்படி, குடியுரிமை கேட்டு வருகிறவர் 12 ஆண்டுகளில் 10 ஆண்டுகளாவது இங்கே குடியிருந்திருக்க வேண்டும். பத்து ஆண்டு காத்திருக்க வியட்நாமுக்குப் பொறுமை இருந்திருக்காது. உள்துறை அமைச்சர் சைஃபுடின் நசுத்தியோன் தமக்குள்ள விருப்புரிமையைப் பயன்படுத்தினார்; அதை நாடாளுமன்றத்திலேயே சொன்னார். அமைச்சர் எங்களுக்கு அந்நியர் இல்லை. 2018 முதல் 2022 வரை பக்கத்துத் தொகுதியான கூலிம்-பண்டார் பாருவுக்கு அவர்தான் உறுப்பினர். இந்தப் பக்கத்துச் சாலைகள் அவருக்குத் தெரியும். அந்தச் சாலையோர வீடுகளில் குடியுரிமை இல்லை என்று சொல்லும் சிவப்பு ஐ.சி.யைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் கிழவிகள் இருப்பதும் தெரியாமல் இருக்க நியாயமில்லை.

ஆனால் பாருங்கள், இந்த விருப்புரிமை என்கிற சரக்கு எங்கள் பக்கம் வரும் லாரியில் மட்டும் ஏற்றப்படுவதில்லை.

ஐ.சி. கேட்டுப் போகிற தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பது ஊரறிந்த கதை. அப்பா அம்மா கல்யாணத்தைப் பதிந்தார்களா? மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள், பதியவில்லை. எங்கே பிறந்தாய்? லயத்து வீட்டில். யார் பிரசவம் பார்த்தது? மருத்துவச்சிப் பாட்டி. அவரைக் கூட்டி வா. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது, என்சிக். அப்படியென்றால் தோட்ட ஆபிசிலிருந்து கடிதம் கொண்டு வா. தோட்டத்தையே விற்றுவிட்டார்கள், என்சிக், ஆபிஸ் இருந்த இடத்தில் தாமான் வந்துவிட்டது. அப்படியென்றால் அடுத்த மாதம் வா. அடுத்த மாதம் போனால் கவுண்டரில் வேறொருவர், முதல் கேள்வியிலிருந்து மறுபடியும். பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும், ஐ.சி. முளைக்காது.

இப்போது ஃபிஃபா வெளியிட்ட தீர்ப்பைப் படியுங்கள். கையால் எழுதிய மூலப் பிறப்புப் பத்திரங்கள் தேசியப் பதிவு இலாகாவின் கையில் இல்லை. வேறிடத்திலிருந்து வந்த தகவலை வைத்து நகல் கொடுத்திருக்கிறார்கள். அட, இது முடியும் என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதே! மூலப் பத்திரம் இல்லாமலும் ஒருவருக்குப் பிறப்பை வழங்கலாம். மருத்துவச்சியைச் சுடுகாட்டிலிருந்து கூட்டி வர வேண்டியதில்லை. இவ்வளவு இளகிய மனம் அந்த இலாகாவுக்கு உண்டு என்பதைக் கண்டுபிடிக்க ஸூரிக்கிலிருந்து ஒரு விசாரணை தேவைப்பட்டது.

2011இல் மைடஃப்தார் என்று ஓர் இயக்கம் நடத்தினார்கள். பத்திரம் இல்லாத இந்தியர்கள் எல்லாரும் வந்து பதிந்துகொள்ளலாம் என்று கூடாரம் போட்டார்கள். 2018இல் அரசாங்கம் மாறியதும், 60 வயதைத் தாண்டிய 3,407 சிவப்பு ஐ.சி.காரர்களுக்குக் குடியுரிமை என்றார்கள். அறுபது வயதில்! இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டு மரத்தைக் கீறி, இந்த நாட்டு மண்ணில் மூட்டு தேய்ந்த பிறகு, நீயும் இந்த நாட்டுக்காரன்தான் என்று ஒரு காகிதம். 25 வயது முன்கள ஆட்டக்காரனுக்குச் சில வாரங்களில் கிடைப்பது 60 வயதுப் பால்வெட்டுக்காரிக்கு ஆயுள் முடிகிற நேரத்தில் கிடைக்கிறது. அவளால் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல் போட முடியுமா? முடியாதல்லவா? பிறகென்ன புகார்!

ஆகவே ஐ.சி. இல்லாத பிள்ளைகளுக்கு நான் சொல்லும் யோசனை இதுதான். பாடாங் செராயிலிருந்து புத்ராஜெயாவுக்கு நேர்வழி கிடையாது. புவெனஸ் அய்ரெஸ் வழியாகச் சுற்றிப் போங்கள். அங்கே யாராவது ஒரு கிழவரிடம் பேசி, அவர் பினாங்கில் பிறந்ததாக ஒரு காகிதம் தயார் செய்யுங்கள். முனியாண்டி என்ற பெயரைக் கொஞ்சம் மாற்றி ‘முனியாந்தினோ’ ஆக்கிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் வரவேற்க மாலையோடு ஆள் வரும். சிவப்பு ஐ.சி. கிழவியின் பேரன் என்பதை மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.

சொந்தத் தாத்தாவுக்கு அத்தாட்சி இல்லாமலா இருக்கிறது? 1947இல் இந்த வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி முன்னே நின்றார். கள்ளுக்கடையை மூடு என்றார்கள், கூலியைக் கூட்டு என்றார்கள், வரிசை கட்டி நடந்தார்கள். பீடோங்கில் போலீஸ் அடித்தது. டப்ளின் தோட்டத்தில் சுட்டது. வெள்ளைக்காரனுடைய போலீஸ் ஏட்டில் எங்கள் தாத்தாக்கள் இருக்கிறார்கள். தடியால் அடிக்கவும் துப்பாக்கியால் குறி பார்க்கவும் அவர்கள் இங்கே இருந்தது தெளிவாகத் தெரிந்தது. குடியுரிமைப் பாரத்தை நிரப்பும்போதுதான் அவர்கள் மாயமாகிவிடுகிறார்கள்.

அதே தோட்டங்களில்தான் அணிகளும் இருந்தன. காலையில் பால் வெட்டு, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் திடல். ஆபிசுக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு புல்வெளி. அதில் ஆடி வளர்ந்தவர்கள் பக்கத்துத் தோட்டத்தோடு மோதுவார்கள். கோயில் திருவிழாவுக்கு ஒரு கோப்பை, தீபாவளிக்கு ஒரு கோப்பை, ஜெயித்தவர்களுக்கு ஒரு கிடா. கிராணிதான் நடுவர், அதனால் சண்டையும் உண்டு. யாரும் எழுதி வைக்காத லீக் அது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, கம்பெனி கை மாறியது, தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். திடலுக்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அது யார் பெயரிலும் இல்லையே! கம்பெனி நிலத்தில் முளைத்த புல், கம்பெனியோடு போனது.

இப்படித்தான் நடக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. தோட்டத் துண்டாடலுக்கு எதிராக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். அது வாங்கிய முதல் தோட்டமே எங்கள் கெடாவின் புக்கிட் சீடிம்தான். விளையாட்டையும் இப்படி ஊரே கூட்டாகக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டால், கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளிக்குப் போய்ப் பாருங்கள். கோதுமை வயல், பாதி வருடம் பனி. சுவிஃப்ட் கரண்ட் என்ற ஊரில் 20,000 பேர்கூடக் கிடையாது. அந்த ஊருக்கு மேற்குக் கனடா ஜூனியர் லீகில் ஆடும் ஓர் ஐஸ் ஹாக்கி அணி இருக்கிறது, அது ஊர்மக்களுக்குச் சொந்தம். மூஸ் ஜா, பிரின்ஸ் ஆல்பர்ட் அணிகளும் அப்படியே. அதே மாநிலத்தில் ஹம்போல்ட் என்ற சிற்றூர் அணியின் பேருந்து 2018 ஏப்ரல் 6ஆம் தேதி விபத்தில் சிக்கி 16 பேர் செத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஊர் மறுபடியும் அணியைக் களமிறக்கியது. பனித்திடலை விற்றுவிடலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

நம் நாட்டுக்கும் ஐஸ் ஹாக்கி உண்டு என்பது பல பேருக்குத் தெரியாது. 2017 சீ விளையாட்டுப் போட்டிக்காக டாமன்சாராவில் ஒரு பேரங்காடிக்குள் ஒலிம்பிக் அளவில் பனித்தளம் அமைத்தார்கள். தங்கத்தைப் பிலிப்பைன்ஸ் கொண்டுபோனது, அது வேறு விஷயம். வருடம் பூராவும் வெயில் காய்கிற நாட்டில் தண்ணீரை உறையவைத்து விளையாட வழி பிறக்கிறது. தானாக வளர்கிற புல்லுக்குத்தான் வழி இல்லை.

மாநில அணியை நம்பலாம் என்றால், அது இன்னொரு கூத்து. கெடா 2007, 2008 இரண்டு பருவங்களிலும் சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அள்ளிய அணி. அப்போது அலோர்ஸ்டாரில் மஞ்சளும் பச்சையும் போட்டுக்கொண்டு கத்தியவர்களில் நம் ஆட்களுக்குக் குறைவில்லை. அந்தக் கெடா, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளப் பாக்கி வைத்து, புள்ளிகளை இழந்து, கடைசியில் 2025-26 பருவத்துக்கு உரிமமே கிடைக்காமல் நின்றது. ஊர்ப்பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஊரையே கேவலப்படுத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நமக்கென்று இருந்த அணி? மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் அணி 2016இல் எஃப்.ஏ.எம். லீக்கை வென்று மேலே வந்தது. பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாற்றிச் சூப்பர் லீக் வரை ஏறியது. 2021 பருவம் முழுக்க ஓர் இறக்குமதி ஆட்டக்காரர்கூட இல்லாமல் ஆடியது. 2022 டிசம்பரில் மூட்டை கட்டியது. உள்ளூர்ப் பிள்ளைகளை மட்டும் வைத்து ஆடிய அணி வீட்டுக்குப் போன மூன்றாம் ஆண்டில், பொய்த் தாத்தாக்களை வைத்து ஆடிய அணிக்கு நாடு கைதட்டியது. தேசிய அணிக்கு 2009இல் சீ விளையாட்டுத் தங்கம், 2010இல் சுசுகி கிண்ணம் இரண்டையும் கொண்டு வந்த பயிற்றுநர் கே. ராஜகோபால். அவர் அணியில் குணாளன் இருந்தார், குருசாமி இருந்தார். அவர்கள் தாத்தாவின் ஊரை ஃபிஃபா தோண்டிப் பார்க்க வேண்டிய தேவை வந்ததில்லை.

இதையெல்லாம் கேட்க எங்களுக்கு ஆள் இல்லாமல் இல்லை. பாடாங் செராய்க்கு 2008 முதல் 2022 வரை வரிசையாக மூன்று இந்திய நாடாளுமன்ற உறுப்பினர்கள். அவர்களில் கடைசியானவர், மறுபடியும் வேட்பாளராக இருந்த கருப்பையா, இறந்துபோனதால் 2022 பொதுத் தேர்தலில் நாடாளுமன்றத் தொகுதிகளில் எங்களுக்கு மட்டும் டிசம்பர் 7ஆம் தேதி வாக்களிப்பு. எல்லாக் கட்சித் தலைவர்களும் இங்கேயே வந்து இறங்கினார்கள். அந்தப் பிரசார நாட்களில் எங்களுக்கு இருந்த மரியாதை மெஸ்ஸிக்குக்கூட இருந்திருக்காது. டிசம்பர் 8ஆம் தேதி காலையில் கொடிக் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இனியும் வருவார்கள். தாமான் மூலையில் கார் நிறுத்துகிற இடத்தில் இரண்டு கோல் கம்பம் நட்டு ஒரு போட்டி வைப்போம். ஒய்.பி. வருவார். அவர் முகம் அச்சடித்த ஜெர்சியைப் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டு, தன் பெயரில் உள்ள கோப்பையைத் தானே தூக்கிக்கொண்டு படத்துக்கு நிற்பார். நண்பர்களே, அப்போது இரண்டே கேள்வி கேளுங்கள். இந்த வட்டாரப் பிள்ளைகள் ஆடுவதற்கு ஒரு திடல், யாராலும் விற்க முடியாதபடி, எப்போது பட்டாவோடு வரும்? ஐ.சி. இல்லாமல் ஓரத்தில் நிற்கிற அந்தப் பிள்ளைக்கு, அர்ஜென்டினாக்காரனுக்குக் காட்டிய விருப்புரிமையை எந்தத் தேதியில் காட்டுவீர்கள்? தேதி சொன்னால் எழுதி வாங்குங்கள். சொல்லாவிட்டால் ஜெர்சியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுங்கள். படத்துக்கு நிற்காதீர்கள்.