உயிர்த்த ஞாயிறோடு முடிந்துவிடுமா?

கேள்வி: உயிர்த்த ஞாயிறு முடிந்த பிறகும் விண்ணேற்றம், பெந்தக்கோஸ்து என்று கிறிஸ்தவர்கள் விழாக்களை நீட்டிக்கொண்டே போகிறார்களே, ஏன்?
– வாசகி ஒருவர், கரவெட்டி

பதில்: வல்லிபுர ஆழ்வாருக்குக் கொடி ஏறினதும் ‘திருவிழா முடிஞ்சுது’ எண்டு நீங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவீர்களா, தங்கச்சி? தேரும் கடல் தீர்த்தமும் பார்க்கத்தானே அந்தச் சுடுமணலில் நடக்கிறீர்கள்! இயேசு உயிர்த்த பின்பும் சீடர்கள் பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். 40ஆம் நாள் அவர் விண்ணேறினார். 50ஆம் நாள் தூய ஆவி இறங்கிய பிறகுதான் அவர்கள் தெருவுக்கு வந்து, பல மொழிக்காரருக்கும் விளங்கப் பேசினார்கள். பயம் விட்ட நாளைக் கொண்டாடாமல் எப்படி?

நம் இலங்கையில் அந்த நாளுக்குக் கூடுதல் பொருள் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டி ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. சீயோனில் குழந்தைகளும் மாண்டார்கள். கொழும்பில் ஞாயிறு பூசைகளே நின்றுபோயின. அந்த ஆண்டு பெந்தக்கோஸ்து ஜூன் 9. மூன்றே நாளில், ஜூன் 12 அன்று, கொச்சிக்கடை ஆலயக் கதவு மீண்டும் திறந்தது. மறுநாள் அந்தோனியார் திருநாள்.

அடுத்த பெந்தக்கோஸ்து அன்று உங்களுக்குத் தெரிந்த கிறிஸ்தவர் வீட்டுக்குப் போய் ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.