இடம் கொடுக்காத மனிதர்

எல்லா ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். முழுப்பெயர் ஹெச்.ஆருக்கு மட்டும்தான் தெரியும். 'சர்வர் அண்ணன்' என்று கேட்டால் வாட்ச்மேன்கூடக் கைகாட்டுவார். 'இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்' என்பது நமக்குப் பழமொழி. அவருக்கு அது கம்பெனி பாலிசி.

"அண்ணே, ஒரு ஐம்பது ஜிபி கிடைக்குமா?"

"எதுக்கு?"

"டெஸ்டிங்குக்கு."

"போன வருஷம் டெஸ்டிங்குன்னு வாங்கினது என்ன ஆச்சு?"

நம்மிடம் பதில் இருக்காது. அவரிடம் இருக்கும்: 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்' என்று மூன்று ஃபோல்டர்கள்.

தனக்கு மட்டும் குறை வைத்துக்கொள்ள மாட்டார். ஒரு டெராபைட் டிஸ்க்கை ஈஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மேட் செய்தால், யாரும் மாற்றாதவரை 5 சதவீதம், ஏறக்குறைய 50 ஜிபி, ரூட்டுக்கென்று, அதாவது அவர் கையிலிருக்கும் அட்மின் கணக்குக்கென்று, ஒதுங்கிவிடும். பாட்டி அஞ்சறைப் பெட்டியில் ஒளித்த காசு மாதிரி. நமக்கு 'டிஸ்க் ஃபுல்' என்று வந்த பிறகும் அவர் தெம்பாக நடமாடுவது அந்தக் காசில்தான்.

"பெரிய லாகை அழிச்சுட்டேன், இடம் வரவே இல்லையே!" என்று யாராவது பதறி வந்தால் அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வரும் பாருங்கள்! உடனே சொல்லமாட்டார். டீயை ஒரு வாய் உறிஞ்சுவார். ஃபைல்களைக் கூட்டிப் பார்க்கும் 'டியூ' கட்டளையை அடிப்பார், இடம் தாராளம். டிஸ்க்கின் கணக்கைக் காட்டும் 'டிஎஃப்' அடிப்பார், நூறு சதவீதம் நிரம்பியிருக்கும். "இதுல எது பொய்?" என்பார். இரண்டுமே பொய்யில்லை. அழிந்தது ஃபைலின் பெயர்தான். ஓடுகிற புரோகிராம் ஒன்று அதைத் திறந்து பிடித்திருக்கும்வரை லினக்ஸ் இடத்தை விடாது. அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும். பத்து விநாடி வேலை, இருபது நிமிடப் பாடம்.

"ரெய்டு இருக்கே, பேக்கப் எதுக்கு?" என்று மேனேஜர் கேட்டுவிட்டால் போச்சு. "சார், டிஸ்க் செத்தா ரெய்டு காப்பாத்தும். நீங்க தப்பா அழிச்சா, எல்லா டிஸ்க்குலயும் ஒழுங்கா அழிக்கும்." கையோடு 2017 ஜனவரி 31-க்குப் போவார். கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழிக்க, வழக்கமான பேக்கப்புகள் கைவிட, ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஸ்னாப்ஷாட்தான் மானம் காத்தது. இதை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வார்.

வெள்ளிக்கிழமை மாலை முழுக்க அவருக்கு ராகு காலம், பஞ்சாங்கம் என்ன சொன்னாலும் சரி. அப்டேட் கிடையாது.

அவரிடம் போனால் "நான் எதையும் தொடலைண்ணே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யார் எப்போது உள்ளே வந்தார், 'சூடோ' போட்டு என்ன அடித்தார் என்பதெல்லாம் லாகில் இருக்கிறது. அந்த லாகுக்கு மட்டும் அவரிடம் இடப்பஞ்சம் வந்ததே இல்லை.