பெங்களூர்க் கடற்கரை: குடும்ப உலாக்களின் வழி ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பெங்களூருக்குக் கடல் கிடையாது என்பது பள்ளிப் பாடநூல்கள் பரப்பிவிட்ட கருத்து. ஊர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருக்கிறது. கிழக்கே சென்னை, மேற்கே மங்களூரு, இரண்டுமே 350 கிலோமீட்டர் வாக்கில் தள்ளி. இவ்விரு தகவல்களையும் இக்கட்டுரை மறுக்கவில்லை, பொருட்படுத்தவில்லை, அவ்வளவே.

ஆய்வு முறை

குழுவில் குடும்பத் தலைவர் (ஓட்டுநர்), தலைவி (நிதியும் வழியும்), பிள்ளைகள் (மாதிரி சேகரிப்பு), மாமியார் (புறத் தேர்வாளர்). கருவி, ஒரு தூக்கு புளியோதரை. காலம், பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் இல்லாத ஞாயிறுகள். ஓர் இடம் கடற்கரைதானா என்று தீர்மானிக்க ஐந்து அளவுகோல்கள் வகுக்கப்பட்டன: கலங்கரை விளக்கம், வள்ளுவர், நுரை, ஓதம், சுண்டல்.

1. கலங்கரை விளக்கம்

கெம்பேகவுடா கோபுரங்கள் நான்கு. அவை பழைய ஊரின் எல்லைக் குறிகள் என்பது மரபான கருத்து. ஊர் அவற்றைத் தாண்டி எங்கோ போய்விட்டதால் அக்கருத்து இன்று செல்லாது. நான்கில் மூன்று நீரோரம் நிற்பதைக் கவனிக்க வேண்டும்: லால்பாக், அல்சூர், கெம்பாம்புதி. லால்பாக் கோபுரம் நிற்கும் பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு. கடற்பாறைக்கு இதைவிட அனுபவம் வேண்டியதில்லை. நான்காவது மேக்ரி சர்க்கிள் அருகே. பக்கத்தில் நீர் இல்லை. ஆயினும் மாலை ஆறு மணிக்குமேல் அங்கே எந்தக் கலமும் நகராது என்பதால் அதைத் துறைமுகமாகக் கொள்ளலாம்.

"விளக்கையே காணோமே, மாப்பிள்ளை?" என்று புறத் தேர்வாளர் ஆட்சேபம் எழுப்பினார். "கரண்ட் இல்லை அத்தை" என்ற விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

2. வள்ளுவர்

கன்னியாகுமரியில் 133 அடி உயரத்தில் கடலுக்குள் நிற்கிறார். சென்னையில் மெரினாவில் இருக்கிறார். பெங்களூரில் அல்சூர் ஏரி அருகே இருக்கிறார். வள்ளுவர் உள்ள இடம் கடலோரம் என்ற பொதுவிதி இதிலிருந்து பெறப்படும். அல்சூர்ச் சிலை 1991இல் வந்து, மொழிப் பூசலால் 18 ஆண்டு மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. உப்புக் காற்றுக்கு அஞ்சி மூடி வைத்தார்கள் என்று வருங்கால ஆய்வாளர் எழுதினால் நாம் மறுக்க வேண்டாம். பதில் மரியாதையாக நான்கு நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அங்கே கடல் இல்லாததால் அச்சான்று விலக்கப்பட்டது.

3. நுரை

மெரினாவில் அலை காலை நனைத்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போகும். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கோடிகளிலோ சில ஆண்டுகளுக்கு முன் நுரை சாலைக்கே ஏறி வந்து ஸ்கூட்டர்காரர் தோளில் உட்கார்ந்தது. சுத்திகரிக்காத சாக்கடையும் சலவைத்தூளும் கோடியில் விழுந்து அடிபட்டதால் வந்த வினை. கடலில் மீனுக்கு வலை கட்டுவார்கள். இங்கே நுரை வெளியே வராமலிருக்கச் சாலையோரம் வலை கட்டினார்கள். பெல்லந்தூரில் தண்ணீர் தீப்பிடிக்கவும் செய்தது. 2018 ஜனவரியில் அணைக்க இராணுவமே வந்தது. எந்தக் கடலுக்கும் இத்தகுதி எளிதில் வாய்க்காது.

பிள்ளைகள் கையில் ஏந்தி வந்த மாதிரியைத் தலைவி முகர்ந்து பார்த்து, "இது நம்ம வீட்டு சோப்புத்தூள்தாங்க" என்றார். ஆய்வின் திருப்புமுனை இதுவே.

4. ஓதம்

கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் ஓதம் 16 மீட்டர் ஏறுகிறது. உலக சாதனை என்கிறார்கள். பெங்களூரில் 1974 முதல் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து 500 மீட்டர் வாக்கில் மேலேறி வருகிறது. ஃபண்டியில் சந்திரன் செய்யும் வேலையை இங்கே பம்புகளும் வால்வ்மேனும் செய்கிறார்கள். சந்திரன் வரும் நேரத்துக்குப் பஞ்சாங்கம் உண்டு, வால்வ்மேனுக்கு இல்லை. 2024 கோடையில் ஓதம் உள்வாங்கியபோது டேங்கர் லாரிகள் கரையேறின.

ஏறியது இறங்க வேண்டும். ஊர் ஒரு மேட்டில் உட்கார்ந்திருப்பதால் தாழ் ஓதம் இரண்டாகப் பிரியும். மேற்குப் பக்கத்துக் கழிவு விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதி வழியாகக் காவிரியில் கலந்து, மேட்டூர் தாண்டிப் பூம்புகார் நோக்கிப் போகும். கிழக்குப் பக்கத்தது பெல்லந்தூர், வர்த்தூர் வழியே தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மறுபடி நுரைத்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் கடந்து கடலூரை நோக்கும். ஆகவே பெங்களூரின் கடற்கரை கடலூரில் தொடங்கிப் பூம்புகாரில் முடிகிறது. இடையிலுள்ள பிச்சாவரம் நமக்கு இலவசம்.

5. சுண்டல்

இதற்குத் தேர்ந்த இடம், 1882இல் வெட்டப்பட்ட சேங்கி ஏரி. சுண்டல் தேடிச் சென்ற குழுவுக்கு அந்தப் பக்கம் சுருமுரிதான் கிடைத்தது: பொரியோடு கேரட் துருவல், வெங்காயம், பச்சைமிளகாய் விழுது, இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய், காகிதக் கூம்பு. பல்லில் மணல் கடிபடாதது பெருங்குறை. அரை மதிப்பெண்.

கடல்கோள் பற்றி

குமரிக் கண்டத்தைக் கடல் கொண்டது என்பார்கள். பெங்களூரில் கடலைப் பஸ் ஸ்டாண்ட் கொண்டது: தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் ஆயிற்று, சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆயிற்று. ஏரியைச் சுற்றி 75 மீட்டர் விட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2019இல் அதை நீக்கியது. தண்ணீருக்கு இவ்வழக்கு விவரம் தெரியாது. 2022 செப்டம்பரில் அது யமலூர் வில்லாக்களுக்குள் தானே புகுந்தது. கோடீசுவரர்கள் டிராக்டரிலும் படகிலும் ஏறி வெளியே வந்தார்கள்.

முடிவுரை

ஐந்தில் நாலரை அளவுகோல்கள் தேறியதால் பெங்களூர் கடலோர நகரமே. கடலூரில் கால் நனைக்கும் பெங்களூர்க் குடும்பத்தை இனி யாரும் வெளியூர்க்காரர் என்று சொல்லக் கூடாது. அனுப்பியது ஒழுங்காய்ப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வந்தவர்கள் அவர்கள். அடுத்த கட்டக் களஆய்வு அங்கேதான் என்று குழு தீர்மானித்துள்ளது. வழித்தடம் பற்றிய நான்காம் பகுதியைப் படித்துக் காட்டியதிலிருந்து அத்தை மட்டும் கடலில் இறங்க மாட்டேன் என்கிறார். புறத் தேர்வாளர்கள் ஆய்வேட்டை முழுமையாகப் படிப்பதால் வரும் சிக்கல் இது.