மணிக்குப் பழையது, பிரவுனிக்குச் சங்கரா

எங்கள் வீட்டில் காலையில் முதலில் அடுப்பேறுவது பிரவுனியின் சாப்பாடு. காப்பிக்கு அப்புறம்தான் இடம். இட்லிக் கொப்பரையில் தண்ணீர் ஊற்றி, கீழ்த்தட்டில் சக்கரைவள்ளிக்கிழங்கும் மேல்தட்டில் செதிள் போக்கிய சங்கரா மீனும் வைத்து மூடிவிடுவேன். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் கிடையாது. வெங்காயமும் பூண்டும் அந்தப் பாத்திரத்தின் பக்கமே வரக்கூடாது. இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

மீன் வெந்ததும் தோலை உரித்து, சதையை விரலால் உதிர்ப்பேன். கண் பார்த்து எடுத்த முள்ளுக்குப் பிறகும் நெஞ்சுப்பகுதியில் மயிரிழைபோல் சில ஒளிந்திருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால்தான் அகப்படும். அதற்குள் பிரவுனி சமையலறை வாசற்படியில் வந்து உட்கார்ந்து, எச்சில் வடிய என் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் பையனாக இருந்தபோது, எழுபதுகளில், திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் நாய்க்கென்று யாரும் உலை வைத்ததில்லை. எங்கள் மணிக்குப் புறவாசலில் வாய் உடைந்த ஒரு மண்சட்டி. அதில் ராத்திரி மிஞ்சிய சோறும் நீராகாரமும் விழும். கேப்பைக் கூழ் வழித்த தண்ணீர், கருவாட்டுத் தலை, மோர்ச்சோறு, கொடைக்குக் கிடா வெட்டினால் எலும்பு. மணி எல்லாவற்றையும் நக்கித் தின்றுவிட்டு விடிய விடியக் காவல் இருந்தது. கூழும் சோறும் நாய்க்கு ஒத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஓநாயைவிட நாயிடம் மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் அதிகம் என்று 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. மனிதன் தின்றதைத் தின்றே நாய் நம்மோடு வளர்ந்த உயிர்.

ஆனால் அந்தக் காலத்து நாய்க்கு ஒரு நோயும் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மணியும் சொறிந்தது. காதோரம் மயிர் கொட்டி, தோல் தடித்து, அடுப்புச் சாம்பல் கொட்டும் குழியில் போய்ப் படுத்துக்கொண்டது. வேப்பெண்ணெய் தடவினார்கள். பிள்ளைகள் தொடக்கூடாது என்றார்கள். தெருவில் போனால் கல்லெறிந்தார்கள். ஊருக்கு மாட்டு டாக்டர் வருவார். பசுவுக்கும் எருமைக்கும் பார்ப்பார். நாயை அவரிடம் கொண்டு காட்டும் வழக்கமே இல்லை. சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லேயே தொடங்கியாயிற்று. அந்தப் படிப்பின் பலன் எங்கள் புறவாசலுக்கு எட்டவில்லை.

பிரவுனிக்கு இரண்டு வயதில் சொறிச்சல் தொடங்கியது. முன்னங்கால் விரலிடுக்குகளை ஓயாமல் நக்கி நக்கி, வெளுத்த மயிர் எச்சில் கறையேறித் துருநிறமாகிவிட்டது. காதுக்குள் புளித்த வாடை. மருத்துவர் எடுத்த எடுப்பில் சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. தெள்ளுப்பூச்சி, உண்ணி, சொறிப்பூச்சி, பூஞ்சை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளினார். அதற்குப் பிறகுதான் உணவு ஒவ்வாமைக்கு வந்தார்.

அதைக் கண்டுபிடிக்க நம்பகமான ரத்தப் பரிசோதனை கிடையாது. நாய் இதுவரை தின்றிராத ஒரு புரதம், ஒரு மாவுப்பொருள். எட்டு வாரம் வேறு எதுவும் வாயில் படக்கூடாது. அதுதான் பரிசோதனை. பிரவுனி பிறந்தது முதல் கோழியும் அரிசியும் தின்று வளர்ந்தது. அதனால் எங்களுக்குச் சங்கராவும் சக்கரைவள்ளியும் அமைந்தன.

சமைப்பது சுலபம். வீட்டையும் தெருவையும் கட்டுப்படுத்துவதுதான் பாடு. அம்மா ஊரிலிருந்து வந்து எங்களோடுதான் இருக்கிறாள். தட்டில் கடைசி உருண்டையை நாய்க்கு வைத்துப் பழகிய கை. “ஒரு வாய் மோர்ச்சோறு வச்சா என்னல ஆயிரப் போவுது?” என்று கேட்டாள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஐம்பது வருஷம் அப்படித்தான் நாய் வளர்த்தாள். நான் விவரம் சொன்னேன். 297 நாய்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ஒரு கட்டுரை வந்தது. அதில் ஒவ்வாமைக்குக் காரணமாக முதலில் நிற்பது மாட்டிறைச்சி, 34 சதவீதம். அடுத்தது பால் பொருள்கள், 17. பிறகு கோழி 15, கோதுமை 13. நாம் ஆசையாக நீட்டும் பொருள்களேதான். ஒரு வாய் என்றாலும் உடம்பு அதைக் கண்டுகொள்ளும். எட்டு வாரக் கணக்கு அன்றோடு கெடும்.

அம்மா மேற்கொண்டு பேசவில்லை. மறுநாள் கீழே போய்க் காவலாளியிடம், “தம்பி, எங்க நாய்க்குப் பொறை போடாதிய. கோதுமை ஆவாதாம்” என்று சொல்லிவிட்டு வந்தாள். டீக்கடைப் பொறையைப் பாதி பிட்டு நாய்க்குப் போடாத காவலாளி சென்னையில் அபூர்வம். அன்றிலிருந்து பிரவுனியின் வாய்க்குக் காவல் அம்மாதான். பூச்சி மாத்திரைகூடக் கறிச் சுவை சேர்த்ததா, சேர்க்காததா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க விட்டாள்.

ஐந்தாறு வாரத்தில் விரலிடுக்குச் சிவப்பு தணிந்தது. ராத்திரி சொறியும்போது எழும் கழுத்துப்பட்டைச் சத்தம் நின்றது. நிறையப் பேர் இந்த இடத்தில் பரிசோதனையை முடித்துவிடுகிறார்கள். முடிக்கக் கூடாது. எட்டு வாரம் முடிந்ததும் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, சொறிச்சல் திரும்புகிறதா என்று பார்த்தால்தான் அது ஒவ்வாமை என்று உறுதியாகும். குணமான பிள்ளைக்குத் தெரிந்தே கோழியை வைக்க மனசு வரவில்லை, ஆனாலும் வைத்தோம். ஒரு வாரத்துக்குள் மறுபடி கால் நக்கத் தொடங்கியது. கோழி அன்றோடு அதன் தட்டைவிட்டுப் போனது.

சங்கராவையும் கிழங்கையும் மட்டும் ஆயுசுக்கும் கொடுக்கவும் முடியாது. சதைப்பற்றில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். வருஷக்கணக்கில் அப்படியே போனால் எலும்பு பலம் இழக்கும். அமெரிக்காவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2013-இல் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஓர் அவசியச் சத்தாவது குறைந்திருந்தது. எங்கள் மருத்துவர் பிரவுனியின் எடைக்கு மீன் இவ்வளவு, கிழங்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, கால்சியம் கார்பனேட்டும் துத்தநாகமும் வைட்டமின்களும் சேர்ந்த தூளையும் எழுதிக்கொடுத்தார். தராசில் நிறுத்துத்தான் வைக்கிறோம். வீட்டில் சமைத்ததாலேயே சாப்பாடு நல்லதாகிவிடாது.

மணிக்குக் கிடைத்ததும் அன்புதான். எங்கள் வீடு கூழ் குடித்த நாளில் அதுவும் கூழ் குடித்தது. நோய் வந்தபோது காரணம் தேட வழி தெரியாமல் ஒதுக்கிவைத்தோம். இன்றைக்கு வழி தெரியும். அது வீட்டு நாயோடு நின்றுவிடக் கூடாது. எங்கள் தெருமுனையில் மயிர் கொட்டித் திரியும் நாய்களில் பலவற்றுக்குச் சொறிப்பூச்சிதான் காரணம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பல சமயம் தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது. “அதையும் ஒருநாள் வண்டியில ஏத்திட்டுப் போயிக் காட்டு” என்கிறாள் அம்மா. காட்டத்தான் போகிறேன்.