விரலா, நம்பரா?

கே: போனுக்குக் கைரேகைப் பூட்டு நல்லதா, பின் நம்பர் நல்லதா?

ப: இரண்டையும் வையுங்கள். ஆனால் வீட்டுக்காரர் நம்பர்தான். கைரேகை வெறும் குடித்தனக்காரர். போனை அணைத்துப் போட்டதும் முதலில் கேட்பது நம்பரைத்தான். ஐபோனில் ஐந்து முறை ரேகை பொருந்தாவிட்டாலும் அதையேதான் கேட்கும்.

கே: வேறொருவர் விரலுக்கு என் போன் திறந்துவிடுமா?

ப: ஆப்பிள் கணக்குப்படி அந்த வாய்ப்பு கைரேகையில் 50,000-க்கு ஒன்று, முகத்தில் 10 லட்சத்துக்கு ஒன்று. நான்கு இலக்க நம்பரிலோ மொத்தமே 10,000 தான். அதிலும் 1234, பிறந்த வருடம் என்றால் கணக்கே தேவையில்லை.

கே: நாங்கள் இரட்டையர். முகப்பூட்டு வைக்கலாமா?

ப: வேண்டாம். இரட்டையருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்று ஆப்பிளே சொல்கிறது.

கே: கைரேகையைத் திருட முடியுமா?

ப: முடியும். 2013-இல் ஐபோன் 5எஸ் வந்த சில நாட்களிலேயே, ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படமெடுத்து, போலி ரேகை செய்து, போனைத் திறந்து காட்டியது. மறு ஆண்டு, அந்நாட்டு அமைச்சர் உர்சுலா ஃபான் டெர் லையனின் கட்டைவிரல் ரேகையைப் புகைப்படங்களிலிருந்தே உருவாக்கினார் அதன் உறுப்பினர் ஒருவர். நம்பர் பறிபோனால் மாற்றலாம். விரலை மாற்ற முடியாது. ஆனால் பஸ்ஸில் போன் அடிப்பவன் இத்தனை பாடுபடுவதில்லை. பின்னால் நின்று நீங்கள் தட்டும் நம்பரைப் பார்த்துக்கொள்வான். அதனால்தான் கூட்டத்தில் விரலே பத்திரம் என்கிறேன்.

கே: அம்மாவுக்குச் சித்தாள் வேலை. ரேகை தேய்ந்து ரேஷன் கடை மெஷினே ஏற்பதில்லை. போனுக்கு என்ன செய்ய?

ப: உழைத்த கையைப் படிக்கத் தெரியாதது மெஷினின் குறை, அம்மாவின் குறையல்ல. அதிகம் தேயாத விரலைப் பதிந்து பாருங்கள். சரிவராவிட்டால் ஆறு இலக்க நம்பர் போதும்.

கே: நான் தூங்கும்போது என் விரலை வைத்துக் கணவர் போனைத் திறக்கிறார்.

ப: அந்த உரிமை அவருக்கு இல்லை, சகோதரி. ஆண்ட்ராய்டில் 'லாக்டவுன்' வசதி உண்டு. முகப்பூட்டு ஐபோனில் பக்கவாட்டு பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள். அதன்பின் நம்பர் போட்டால்தான் திறக்கும். அதையும் அவர் அறிந்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

கே: ஒரே வரியில் உங்கள் தீர்ப்பு?

ப: வெளியில் விரல், அடியில் ஆறு இலக்கம், நான்கு இலக்கம் வைத்திருப்பவர்கள் இன்றிரவே மாற்றுங்கள்.