நடு இருக்கைச் சான்று: எஸ்யூவி உரிமையாளரின் நீடித்த மனநிறைவு குறித்து ஓர் ஆய்வு

"வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்பது தமிழ்நாட்டில் நலம் விசாரிப்பின் ஒரு வகை. கேட்டவர் விடையை எதிர்பார்ப்பதில்லை, சொல்பவரும் யோசிப்பதில்லை. "அருமையான வண்டி சார், கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்ற விடை, எடுத்து ஆறு மாதமானவரிடமும் எட்டு வருடமானவரிடமும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே கிடைக்கிறது. இந்த ஒற்றுமையே ஆய்வாளரை ஐயுற வைக்க வேண்டும். எட்டு ஆண்டில் டயர் மாறியிருக்கும், கிளட்ச் ஒரு முறை போயிருக்கும், ஏசி ஊதும் காற்றில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு வாடை குடியேறியிருக்கும். விடை மட்டும் தேயவில்லை. தேயாத பொருள் ஒன்று உண்டென்றால் அது காரின் பாகமாக இருக்க முடியாது. ஆகவே நீடித்த மனநிறைவு என்பது வண்டி உரிமையாளருக்குத் தருவதன்று, உரிமையாளர் வண்டிக்குத் தருவது என்பதும், அதனால் வண்டியின் தரத்தை அவரிடம் கேட்டு அறிய இயலாது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் ஆய்வுப்பொருளின் இலக்கணம். நடுத்தர எஸ்யூவி எது என்பதில் சட்டத்துக்கும் தெருவுக்கும் உடன்பாடு இருந்ததில்லை. 2025 செப்டம்பர் வரை இருந்த ஜிஎஸ்டி கணக்கில், நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டும், எஞ்சின் 1,500 சி.சி.யைத் தாண்ட வேண்டும், வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து 170 மில்லிமீட்டராவது எழும்பி நிற்க வேண்டும்; மூன்றும் பொருந்தினால்தான் எஸ்யூவிக்கான உச்ச வரி. 2020-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஹூண்டாய் கிரெட்டாவின் சாதாரண பெட்ரோல் எஞ்சினோ 1,497 சி.சி. மூன்று சி.சி. குறைந்ததால் வரிக்காரர் கண்ணுக்கு அது எஸ்யூவி அன்று. ஆனால் அதை வைத்திருப்பவர் யாரும் இதற்காகத் தம் வண்டியை வெறும் கார் என்று தாழ்த்திச் சொன்னதில்லை. நாமும் தெருவின் பக்கமே நிற்போம். ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டாதது, ஐந்து பேர் உட்காரலாம் என்று ஆர்.சி. புக்கில் எழுதியிருப்பது, பத்து லட்சத்துக்குக் குறையாதது: இதுவே இங்கு எஸ்யூவி. சான்றுக்கு வெகுதூரம் போகவும் தேவையில்லை. 2012-இல் வந்த ரெனோ டஸ்டர் ஒரகடத்தில் பிறந்தது. 2015-இல் வந்த கிரெட்டா இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தது. இரண்டும் பக்கத்து ஊர்க்காரர்கள்.

இத்துறையில் முன்னோர் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1968-இல் தொடங்கப்பட்ட ஜே.டி. பவர் நிறுவனம், மூன்று ஆண்டு ஓடிய வண்டிகளின் உரிமையாளர்களைக் கேட்டு, நூறு வண்டிக்கு எத்தனை குறைகள் என்று கணக்கெடுக்கும். எண் குறையக் குறைய வண்டிக்குப் பெருமை. முறை நேர்த்தியானதுதான். ஆனால் கேட்கப்படுவோர் முதல் உரிமையாளர்கள். பிடிக்காமல் இரண்டாம் ஆண்டே வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர் அந்தப் பட்டியலில் இருக்க வழியே இல்லை. பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போனவரை விட்டுவிட்டு, மூன்றாம் முறை சாம்பார் கேட்பவரிடம் சமையல் எப்படி என்று விசாரிப்பது போன்றது இது. மூன்று ஆண்டிலேயே இப்படியென்றால் பத்தாம் ஆண்டில் நிலைமை இன்னும் தெளிவு. அப்போது வண்டியோடு எஞ்சியிருப்பவர் எல்லோரும் திருப்தியானவர்களே, திருப்தியில்லாதவர் எஞ்சியிருக்கமாட்டார்.

எஞ்சியிருப்பவர் மனத்தில் நடப்பதை உளவியலார் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டனர். 1956-இல் ஜாக் பிரெம் என்ற அமெரிக்கர், பெண்கள் சிலரிடம் வீட்டு உபயோகப் பொருட்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு இரண்டில் ஒன்றைத் தேர்ந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி, மறுபடியும் மதிப்பெண் கேட்டார். எடுத்துக்கொண்ட பொருளின் மதிப்பு ஏறியிருந்தது. விட்டுவந்ததன் மதிப்பு இறங்கியிருந்தது. பொருள் மாறவில்லை, கை மாறியது, அவ்வளவே. மறு ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு நேரே காருக்கே வந்தது: புதிதாகக் கார் வாங்கியவர்கள், வாங்கி முடித்த பிறகு, மற்றக் கார்களின் விளம்பரத்தைவிடத் தாம் வாங்கிய காரின் விளம்பரத்தையே அதிகம் படித்தார்கள். இன்று நள்ளிரவில் போர்வைக்குள் தம் காரின் ரிவியூ வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத் தலைவருக்கு இவ்வளவு பழமையான மரபு உண்டென்பது அவருக்கே தெரியாது. மைலேஜ் கணக்கும் இந்த வகையே. திருச்சி நெடுஞ்சாலையில் ஏசியை அணைத்து, எண்பதில் ஓட்டி, ஒரே ஒரு நாள் கிடைத்த எண் ஆயுள் முழுவதற்கும் நிலைத்துவிடுகிறது. அதற்குக் குறைந்தால் குற்றம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு. சத்தம் வந்தால் சாலைக்கு. செலவு வந்தால் சர்வீஸ் சென்டருக்கு. வண்டி என்றைக்கும் நிரபராதி.

ஆய்வின் மிக வலுவான சான்று, வண்டியைத் தயாரித்தவரே கைவிட்ட இடத்தில் கிடைக்கிறது. மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஒரகடத்து டஸ்டரின் தயாரிப்பு 2022-இல் நின்றது. மனநிறைவு வண்டியிலிருந்தும் அதைப் பேணும் ஏற்பாடுகளிலிருந்தும் வருவதாயின், இவ்வுரிமையாளர்கள் அன்றே வாடியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. "இனிமே இப்படி ஒரு வண்டி வராது" என்ற முழக்கம் அதன்பின் ஓங்கியதே தவிரத் தாழவில்லை. காரணம் எளிது. தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு அப்போது புது மாடல் என்ற பகை இருக்கவில்லை. கிரெட்டாக்காரர் பாடு அப்படியா? 2015-இல் முதல் ஆளாக எடுத்தவர், 2018-இல் அதே வண்டி சன்ரூஃபோடு வந்ததைப் பார்த்தார். 2020-இல் கூரை முழுதும் கண்ணாடியாக வந்ததைப் பார்த்தார். 2024-இல் தானே பிரேக் பிடிக்கும் வசதியோடு வந்ததையும் பார்த்தார். இத்தனைக்கும் ஈடுகொடுத்து அவர் கண்டுபிடித்த வாக்கியம் "பழைய மாடல்தான் சார் பாடி ஸ்ட்ராங்கு". எந்த ஆய்வகத்திலும் அளக்கப்படாத இவ்வலிமை, ஒவ்வொரு புது மாடல் வரும்போதும் ஒரு படி கூடுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

மறுவிற்பனை விலை புறச்சான்றாகாதோ என்பாரும் உளர். ஆகாது. அது வண்டியை வைத்திராதவர் அதற்குப் போடும் மதிப்பு. வைத்திருப்பவரின் நிறைவை அது அளக்காது. மேலும், "இன்னிக்கு வித்தாலும் எட்டு லட்சம் போகும்" என்று சொல்பவர் இன்றைக்கு விற்பதில்லை. என்றைக்கு விற்கிறாரோ அன்றோடு அவர் நம் ஆய்வுக்கு வெளியே போய்விடுகிறார். இனி, தம் வீட்டு வண்டியையே வாய்விட்டுத் திட்டுவோரும் உண்டே, அவர்களை எங்கே வைப்பது என்பது இரண்டாவது தடை. இதுவே வலுவான தடை. விடையும் பிரெம்மின் ஆய்விலேயே இருக்கிறது. தேர்வு செய்ய விடாமல் பொருளைப் பரிசாக மட்டும் பெற்றவர்களிடம் அந்த மதிப்பேற்றம் காணப்படவில்லை. தேர்ந்தவர் தாங்கிப் பேசுவார். பெற்றவர் உள்ளதைச் சொல்வார். வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கிக்கொடுத்த எஸ்யூவியைப் பற்றி அப்பா, "ஏணி வச்சு ஏற வேண்டியிருக்கு" என்று எவ்விதக் கூச்சமும் இல்லாமல் சொல்வது இதனாலேயே. பொருளைப் பழிக்கும்போது அவர் தம் புத்தியைப் பழித்துக்கொள்வதாக ஆவதில்லை.

ஆகவே நமக்கு வேண்டிய சாட்சி, வண்டியைத் தேர்ந்தவராகவோ, டியூ கட்டுபவராகவோ, ஸ்டியரிங் பிடிப்பவராகவோ இருக்கக்கூடாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் அதில் போய்வந்தவராக இருக்க வேண்டும். இவ்விலக்கணம் முழுதும் பொருந்துபவர் குடும்பத்தில் ஒருவரே: பின் இருக்கையில் நடுவில் உட்காருபவர். அவருக்குச் சன்னல் இல்லை. முதுகுக்குக் கிடைப்பது பல வண்டிகளில் மடக்கி வைத்த ஆர்ம்ரெஸ்ட்டின் கெட்டிப் பக்கம். 2015 கிரெட்டாவின் வெளி அகலம் 1,780 மில்லிமீட்டர். இரு கதவுகளின் தடிமனைக் கழித்து, இருபுறமும் வளர்ந்த மனிதர்களை வைத்துவிட்டால், நடுவில் எஞ்சுவது என்னவென்று அவரே அறிவார். நீடித்த காலம் என்பதன் பொருளும் இவரிடத்தில்தான் துலங்குகிறது. வண்டி வாங்கியபோது அந்த இடத்தில் உட்கார்ந்தது ஐந்து வயதுப் பிள்ளை. காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடி வந்தது. பத்தாண்டில் அதே பிள்ளைக்கு அப்பாவின் உயரம். இருக்கை ஒரு மில்லிமீட்டரும் வளரவில்லை. முன்னால் ஓட்டுபவருக்கோ முதல் நாள் இருந்த இடம் அப்படியே இருக்கிறது. அதனால் அவர் விடையும் அப்படியே இருக்கிறது. நடு ஆள் துன்பத்தில் இருப்பவர், அவர் சொல் நடுநிலையாகுமா என்று கேட்கலாம். ஓட்டுபவர் இன்பத்தில் இருப்பவர் என்பதை யாரும் அவருக்கு எதிராகச் சொல்வதில்லையே. தவிர, குடும்ப வண்டி என்ற பெயரில் விற்கப்படும் பொருளைக் குடும்பத்தின் நெருக்கடியான இடத்திலிருந்து அளப்பதே முறை.

எனவே எஸ்யூவி வாங்கும் எண்ணமுள்ள வாசகர், வைத்திருப்பவரிடம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ஐந்தாறு வருடம் ஓடிய வண்டி ஒன்று நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் வந்து நிற்கும்போது, பின் கதவு திறந்து கடைசியாக இறங்குபவரைப் பாருங்கள். கேள்வியை அவரிடம் கேளுங்கள். உரிமையாளர் காபி வாங்கப் போயிருக்கும்போது கேட்பது மேலும் நல்லது.