பல்லைப் பாத்தியள், வாலைப் பாத்தியளோ?

இஞ்ச வா மனே, இப்படிக் குந்து. முதல்ல அந்தக் குட்டியைக் கீழ விடு. பொஞ்சாதியைக்கூட நீ இப்படிக் கொஞ்சினதை இந்தப் படுவான்கரையில ஒருத்தரும் கண்டதில்லை.

நாய் கடிச்சா ஊசிக்கு ஓடுறியள். நல்லது, ஓடத்தான் வேணும். ஆனா பல்லுள்ள பக்கத்தை மட்டும்தானே பாக்கிறியள்! வால் பக்கத்தால வாறது குரைக்கவும் மாட்டுது, கடிக்கவும் மாட்டுது.

பேராதனையில மிருக வைத்தியம் படிக்கிற பேத்தி சொல்லுறாள்: நாய் வயித்துப் பூச்சி எண்டுற புழுவில பெண் ஒண்டு, நாளைக்கு ரெண்டு லட்சம் முட்டை வரைக்கும் போடுமாம். உன்ர கோழி ஒரு முட்டை போட்டா ஊரெல்லாம் சொல்லித் திரியிறாய். கனக்கக் குட்டியள் தாய் வயித்துக்குள்ளயே பூச்சியை வாங்கிக்கொண்டுதான் பிறக்குதுகள்.

புதுப் பீயில உள்ள முட்டை ஒண்டும் செய்யாது. ரெண்டு மூண்டு கிழமை மண்ணில கிடந்து, உள்ளுக்குப் புழு வளந்தாத்தான் வினை. அந்த மண் உன்ர மகன்ர விரலில ஏறும். கிணத்தடி வல்லாரையைக் கழுவாமச் சம்பல் போட்டா உன்ர வாயிலயும் ஏறும்.

மறுகா கேள். நாய்க்குள்ள எண்டா அதுக்கு வழி தெரியும். மனிசனுக்குள்ள வந்தா, குருமண்வெளித் துறையில கடைசிப் பாதைப் படகைத் தவறவிட்டவன் கதைதான். பெரிசாகவும் ஏலாது, வெளிய போகவும் ஏலாது. ஈரல், நுரையீரல் எண்டு அலையும். கனபேருக்கு ஒண்டும் தெரியாது. சிலருக்குக் கண்ணில போய் நிண்டு பார்வையைக் கெடுக்கும். அருமையா மூளைக்கும் ஏறி வலிப்புக் காட்டும். 1950இல அமெரிக்காவில ஹெலெனோர் வைல்டர் எண்டொரு ஆராய்ச்சிக்காரி, வெட்டி எடுத்த 46 கண்களை ஆராய்ஞ்சா 24இல புழு! பலதும் புற்றுநோய் எண்டு பயந்து எடுத்த பிள்ளையள்ர கண். அது நாய்ப் புழு எண்டு பிறகுதான் பிடிபட்டுதாம்.

நாயைக் கலைக்கச் சொல்லேல்ல மனே. குட்டிக்கு ரெண்டு கிழமை வயசிலயே மிருக வைத்தியரிட்டப் பூச்சி மருந்து வாங்கு. வளவுப் பீயை அண்டண்டைக்கு அள்ளு. முட்டைக்கு மண்ணில தவம் இருக்க நேரம் குடாத.

இப்ப போய்ச் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவு. நீ வாறவரைக்கும் குட்டி என்ர மடியில கிடக்கட்டும். நான் கொஞ்சமாட்டன், தடவுறதோட சரி.

வரேக்க அந்தச் சவுக்காரத்தையும் கொண்டு வா.